புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் கை வீக்கம்: பூப்போட்ட 'ஸ்லீவ்' வெறும் அழகுக்கா?

பாசிர் ரிஸ் பூங்காவில் காலையில் நடக்கப் போனால் கையில் 'ஸ்லீவ்' மாட்டிய பலரைப் பார்க்கலாம். சைக்கிள் ஓட்டுபவர்கள், கடற்கரையோரம் ஓடுபவர்கள், உணவு விநியோகம் செய்பவர்கள். எல்லாம் வெயிலுக்காக. யாரும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் 50 வயதைத் தாண்டிய அம்மா ஒருவர், ஒரு கையில் மட்டும் மங்கலான 'பேஜ்' நிற ஸ்லீவ் போட்டுக்கொண்டு புளோக் மின்தூக்கியில் ஏறினால் கேள்வி வரும். "கையில என்னம்மா, அடி பட்டுடுச்சா?"

பலருக்கு அந்தக் கேள்வியின் உண்மையான பதில் மார்பகப் புற்றுநோய். மின்தூக்கியில் நின்றுகொண்டு அதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. "சுளுக்கு" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, மறுநாள் ஸ்லீவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போவார்கள். அலமாரியில் இருக்கும் ஸ்லீவ் எந்த வீக்கத்தையும் குறைக்காது. பிரச்சினையே அங்குதான் ஆரம்பிக்கிறது.

இப்போது பூப்போட்டது, கோலம் போன்ற வடிவம் கொண்டது, கண்ணைப் பறிக்கும் ஊதா, கறுப்பு என்று விதவிதமான ஸ்லீவ்கள் வருகின்றன. அம்மாவுக்கோ சித்திக்கோ இணையத்தில் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நல்ல எண்ணம்தான். 'கார்ட்'டில் போடுவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கை ஏன் வீங்குகிறது?

இரத்தக் குழாய்களைப் போலவே உடல் முழுவதும் இன்னொரு குழாய் வலையும் ஓடுகிறது. திசுக்களில் தேங்கும் நீர், புரதம் ஆகியவற்றைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பது அதன் வேலை. அதில் ஓடுவது நிணநீர். வழியில் அதை வடிகட்டும் சோதனைச்சாவடிகள்தான் நிணநீர் முடிச்சுகள். அக்குளில் மட்டும் ஏறத்தாழ 20 முதல் 30 முடிச்சுகள் இருக்கும்.

மார்பகப் புற்றுநோய் முதலில் பரவும் இடங்களில் அக்குள் முக்கியமானது. அதனால் அறுவைச் சிகிச்சையின்போது அங்குள்ள முடிச்சுகளை எடுத்துச் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் அந்த இடத்துக்குக் கதிரியக்கச் சிகிச்சையும் தருவார்கள். உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை அது. ஆனால் கையிலிருந்து வரும் நிணநீருக்கு வழி குறைந்துவிடுகிறது. நீர் தேங்கிக் கை வீங்குகிறது. இதைத்தான் நிணநீர் வீக்கம் என்கிறோம்.

'யானைக்கால்' என்ற சொல்லைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதுவும் நிணநீர் வீக்கம்தான். அங்கே கொசு பரப்பும் புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுக்கிறது. இங்கே காரணம் சிகிச்சை. இது தொற்றும் நோய் அல்ல என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்று தயங்கும் உறவினர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

எல்லாருக்கும் இது வருவதில்லை. உலகளாவிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் 'தி லான்செட் ஆன்காலஜி' சஞ்சிகையில் வெளியான ஆய்வின்படி, அக்குள் முடிச்சுகளை முழுமையாக அகற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கியது. முதல் ஓரிரு 'காவல்' முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் அது ஏறக்குறைய 6 விழுக்காடுதான். அம்மாவுக்கு எந்த அறுவைச் சிகிச்சை நடந்தது என்பது அதனால்தான் முக்கியம். தெரியாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள்.

சிங்கப்பூர்ப் பெண்களிடையே ஆக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். நிறைய பேர் குணமடைந்து பல ஆண்டுகள் நன்றாக வாழ்கிறார்கள். கை வீக்கத்துடன் பல ஆண்டுகள் வாழ வேண்டியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய வீக்கமாக ஒரே நாளில் வருவது அபூர்வம். மோதிரம் திடீரென்று இறுக்கமாக இருக்கும். எப்போதும் போடும் ரவிக்கையின் கை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். வளையலைக் கழற்றச் சோப்பு தேவைப்படும். கை கனமாக இருப்பதுபோலத் தோன்றும். விரலால் அழுத்தினால் குழி விழும். தையற்காரரிடம் "இந்தப் பக்கம் கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று சொல்வதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறிகள் இவை.

பெரும்பாலும் சிகிச்சைக்குப் பிந்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வரும். பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். ஆரம்பத்திலேயே கவனித்தால் கட்டுப்படுத்துவது எளிது. விட்டுவிட்டால் தேங்கிய நீரோடு கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்து கை கெட்டியாகிவிடும். அதன் பிறகு ஸ்லீவ் மட்டும் போதாது.

இன்னொன்று. திடீரென்று கை வீங்கினால் நேராக ஸ்லீவ் வாங்கப் போகக்கூடாது. இரத்தக்கட்டி, கிருமித்தொற்று, நோய் திரும்புவது என்று வேறு காரணங்களும் இருக்கலாம். முதலில் மருத்துவர், பிறகுதான் ஸ்லீவ்.

ஸ்லீவ் என்ன செய்கிறது?

மணிக்கட்டில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. ஸ்லீவின் இரகசியம் அவ்வளவுதான். பற்பசைக் குழாயைக் கீழிருந்து அழுத்துவதுபோல, நீரை மேல்நோக்கித் தள்ள அது உதவுகிறது. கையை அசைக்கும்போது உள்ளே தசை, வெளியே ஸ்லீவ் என்று இரண்டும் சேர்ந்து 'பம்ப்' மாதிரி வேலை செய்கின்றன. அதனால் ஸ்லீவ் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைவிட நடப்பது, கையை அசைத்து வேலை செய்வது நல்லது.

அழுத்தத்தை 'மில்லிமீட்டர் பாதரசம்' என்ற அளவில் சொல்வார்கள். இரத்த அழுத்தம் 120/80 என்கிறோமே, அதே அளவுகோல். கை ஸ்லீவ்கள் பெரும்பாலும் 15-20 அல்லது 20-30 என்ற வரம்பில் வரும். வீக்கம் கடுமையாக இருந்தால் அதற்கும் மேல். ஐரோப்பியத் தரமும் அமெரிக்கத் தரமும் ஒன்றல்ல. ஒரு நிறுவனத்தின் 'வகுப்பு 1' என்பது இன்னொன்றின் 'வகுப்பு 1'க்குச் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்லீவ் வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும்; குணப்படுத்தாது. ஏற்கெனவே நன்றாக வீங்கிய கைக்கு முதலில் பல அடுக்குக் கட்டு, மிக மென்மையான நிணநீர் மசாஜ், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு என்று தீவிரச் சிகிச்சை தந்து அளவைக் குறைப்பார்கள். குறைந்த அளவு திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பதற்குத்தான் ஸ்லீவ்.

சரி, அழகு எதற்கு?

ஸ்லீவைப் பெரும்பாலும் பகல் முழுவதும் அணிந்து, இரவில் கழற்றச் சொல்வார்கள். அதுவும் பல மாதங்கள், சிலருக்கு ஆயுள் முழுவதும். அப்படி அணியும் ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்பது சின்ன விஷயமா?

பல ஆண்டுகளாக மருத்துவ ஸ்லீவ் என்றால் ஒரே நிறம்தான்: பேஜ். அட்டையில் 'தோல் நிறம்' என்று போட்டிருக்கும். யாருடைய தோல் நிறம்? வெள்ளைக்காரர்களின் கையில்கூட அது முழுதாக மறைந்துவிடுவதில்லை. நம் மாநிறக் கையில், கறுத்த கையில் அது தூரத்திலிருந்தே காயக்கட்டு போலத் தெரியும். மறைப்பதற்காக எடுத்த நிறம் நம்மிடம் மட்டும் விளம்பரப் பலகையாகிவிடுகிறது. இப்போது சில நிறுவனங்கள் அடர் பழுப்பு நிறங்களையும் தயாரிக்கின்றன. கடையில் எடுத்துக் காட்டவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

வண்ண ஸ்லீவ்களின் கதையில் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரைச் சேர்ந்த ரேச்சல் டிராக்செல் முப்பதுகளில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார். கை வீங்கியது. கிடைத்த ஸ்லீவ் அவருக்குப் பிடிக்கவில்லை. தம்மைப் போலவே நோயிலிருந்து மீண்ட ராபின் மில்லருடன் சேர்ந்து 'லிம்ஃபிடீவாஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவ அழுத்தம் அப்படியே இருக்கும், மேலே மட்டும் பச்சை குத்தியதுபோல, மருதாணி போட்டதுபோல, பட்டுத்துணிபோல வடிவங்கள். டிராக்செல் 2008இல் 37 வயதில் காலமானார். தம்பியும் பெற்றோரும் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். ஜெர்மனியின் 'யூசோ' போன்ற பழைய மருத்துவத் துணி நிறுவனங்களும் பலவித வண்ணங்களில் ஸ்லீவ் தயாரிக்கின்றன.

"வடிவம் நல்லா இருந்தா வீக்கம் குறையுமா?" குறையாது. அழுத்தம்தான் வேலை செய்கிறது. ஆனால் அழுத்தம் வேலை செய்ய ஸ்லீவ் கையில் இருக்க வேண்டும்.

எத்தனை மணி நேரம்? நம் பருவநிலைக்கு நெருக்கமான ஓர் ஆய்வு மும்பையில் நடந்தது. டாடா நினைவு மருத்துவமனையில் அக்குள் முடிச்சுகளை முழுமையாக அகற்றிக்கொண்ட 307 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு வீக்கம் வருவதற்கு முன்பே ஸ்லீவ் கொடுத்து, நாள்தோறும் குறைந்தது 8 மணி நேரம் அணியச் சொன்னார்கள். முதல் ஆண்டில் அவர்களிடையே கை வீக்கம் குறைவாக இருந்தது. முடிவுகள் 2022இல் வெளியாயின. எல்லாருக்கும் முன்கூட்டியே ஸ்லீவ் தேவை என்று இதற்குப் பொருள் இல்லை. ஆய்வில் இருந்தவர்கள் ஆபத்து அதிகமுள்ளவர்கள். ஆனால் 8 மணி நேரம் என்ற கணக்கைக் கவனியுங்கள். அலுவலகம், ரயில், சந்தை, கோயில், கல்யாணம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். அத்தனை இடங்களிலும் ஒருவர் கூச்சமில்லாமல் போட்டுக்கொண்டு வரக்கூடியதாக அது இருந்தாக வேண்டும்.

சேலை கட்டுபவர்களுக்கு ஒரு யோசனை. வேலைநாளுக்குக் கறுப்போ அடர் பழுப்போ ஒன்று, விசேஷத்துக்கு ரவிக்கையோடு ஒத்துப்போகும் நிறத்தில் ஒன்று. எப்படியும் இரண்டு தேவை, ஒன்றைத் துவைத்தால் மற்றொன்றைப் போட. அப்புறம் இரண்டும் ஒரே பேஜாக ஏன் இருக்க வேண்டும்? மருதாணி வடிவ ஸ்லீவைக் கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு "எங்க வாங்கினீங்க ஆன்ட்டி?" என்று யாராவது கேட்டால், "அடி பட்டுடுச்சா?" என்ற கேள்வியைவிட அது எவ்வளவோ மேல்.

மறைக்க விரும்புகிறவர் மறைக்கட்டும். எந்த நிறம் வேண்டும் என்பதை அணிபவர்தான் முடிவு செய்ய வேண்டும். பூப்போட்டதை நீங்களாக வாங்கி அம்மா கையில் திணிக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன்

இணையக் கடையில் 'ஆர்ம் ஸ்லீவ்' என்று தேடினால் முதலில் வருவது வெயிலுக்கும் விளையாட்டுக்கும் போடுவது. விலை சில வெள்ளி. அழகாகவும் இருக்கும். பார்க்க மருத்துவ ஸ்லீவ் மாதிரியே இருப்பதுதான் ஆபத்து. மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கிப் படிப்படியாகக் குறையும் அழுத்தம் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சிலவற்றில் மேல்விளிம்பில் இறுக்கமான 'எலாஸ்டிக்' இருக்கும். அது நீரை மேலே போகவிடாமல் கட்டிப்போட்டு, வீக்கத்தைக் கூட்டிவிடும். பாசிர் ரிஸ் பூங்காவில் சைக்கிள் ஓட்டுபவருக்கு அது சரி. நிணநீர் வீக்கம் உள்ளவருக்கு வேண்டாம்.

மருத்துவ ஸ்லீவுக்கு மணிக்கட்டு, முன்கை, முழங்கை, மேற்கை என்று பல இடங்களில் சுற்றளவும், கையின் நீளமும் எடுப்பார்கள். வீக்கம் குறைந்து நிலையாக இருக்கும் நேரத்தில் எடுப்பது நல்லது. இதைப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் செய்ய வேண்டும். சிங்கப்பூர் மருத்துவமனைகளில் இயன்முறைச் சிகிச்சையாளரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ அளவெடுப்பார்.

ஆயத்த அளவுகளில் வருபவை மெல்லிய, தையல் இல்லாத வட்டப் பின்னல். வண்ணங்களும் வடிவங்களும் அதில்தான் ஆக அதிகம். கையின் வடிவம் மாறியிருந்தால், வீக்கம் கூடுதலாக இருந்தால், தட்டைப் பின்னலில் அளவுக்குத் தைத்த ஸ்லீவைப் பரிந்துரைப்பார்கள். அது தடிமனானது, விலையும் கூடுதல், வடிவங்கள் குறைவு. ஆனால் மடிப்பில் சுருண்டு தோலை அறுக்காது. அழகா, பொருத்தமா என்று வந்தால் பொருத்தம்தான். அதில் பேரம் இல்லை.

விரல்கள் நீலமாகிறதா, மரத்துப் போகிறதா, கழற்றிய பிறகு ஆழமான கோடு விழுகிறதா? அளவு சரியில்லை என்று அர்த்தம். ஸ்லீவ் போட்ட பிறகு புறங்கை வீங்கினால், கைக்கும் சேர்த்துக் கையுறை தேவைப்படலாம். மேல்விளிம்பை மடித்துவிடக்கூடாது, மடித்த இடத்தில் இறுக்கம் இரட்டிப்பாகும். இதய நோயோ இரத்தக் குழாய் நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எந்த அழுத்த உடையும் போடக்கூடாது.

துணி நாளடைவில் தளர்ந்துவிடும். பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். "இன்னும் கிழியலையே" என்று இரண்டு ஆண்டு வைத்திருப்பது நம் வீட்டுப் பழக்கம். சுலபமாக ஏறிவிடும் ஸ்லீவ் பெரும்பாலும் வேலை செய்யாத ஸ்லீவ்தான். செலவு பாரமாக இருந்தால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவகரிடம் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

போடுவதுதான் பெரிய போராட்டம். பாத்திரம் கழுவும் இரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு துணியைத் தள்ளினால் பிடிப்புக் கிடைக்கும். கை ஈரமாகவோ எண்ணெய்ப் பிசுக்காகவோ இருக்கக்கூடாது. அதனால் தோலுக்கான 'கிரீம்' இரவில், ஸ்லீவ் காலையில்.

நம்ம ஊர் வெயில், நம்ம வீட்டு வேலை

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் புழுக்கம். வியர்க்கும், அரிக்கும். சொறிந்தால் தோல் கிழியும். கிழிந்த தோல் வழியாகக் கிருமி உள்ளே போனால் வீங்கிய கையில் வேகமாகப் பரவும். அதனால்தான் தோலைப் பார்த்துக்கொள்வது சிகிச்சையில் பாதி. வியர்வையில் நனைந்த ஸ்லீவை மாற்ற இரண்டாவது ஸ்லீவ் கைகொடுக்கும். பாசிர் ரிஸ் சதுப்புநிலக் காட்டுப் பக்கம் நடக்கப் போனால் கொசுத் தடுப்பு மருந்து போடுங்கள்.

சமையலறையில் காய் நறுக்கும்போது, அப்பளம் பொரிக்கும்போது கவனம். அந்தப் பக்கம் இறுக்கமான வளையல், மணிக்கட்டில் கட்டும் கயிறு வேண்டாம். மற்றக் கையில் போட்டுக்கொள்ளலாம். எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவிவிட்டால் வீக்கம் இறங்கும் என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்வார். கேட்க வேண்டாம். நிணநீர் மசாஜ் என்பது தோலை மெதுவாக நகர்த்துவது, தசையைப் பிசைவது அல்ல.

பாரம் தூக்கலாமா?

"அந்தக் கையால ஒண்ணும் தூக்காதே" என்பது பல ஆண்டுகளாகத் தரப்பட்ட அறிவுரை. பேரப்பிள்ளையைத் தூக்கப் பயந்த பாட்டிகள் எத்தனை பேரோ.

1996இல் கனடாவின் வான்கூவர் நகரில் டான் மெக்கென்ஸி என்ற மருத்துவர் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகு வலிக்க வைத்தார். துடுப்பு வலிப்பதால் யாருக்கும் கை வீங்கவில்லை. இன்று உலகின் பல நாடுகளில் அத்தகைய படகுக் குழுக்கள் உள்ளன. சிங்கப்பூரிலும் மார்பகப் புற்றுநோய் அறநிறுவனத்தின் 'பேடலர்ஸ் இன் த பிங்க்' குழு இருக்கிறது.

2009இல் அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களிடம் நடந்த ஆய்வில், படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் மோசமாகவில்லை. திடீரென்று வீக்கம் கூடுவது அவர்களிடையே குறைவாகவே இருந்தது. இரண்டு விஷயங்கள்: அவர்கள் சிறிய எடையில் தொடங்கி மெதுவாகக் கூட்டினார்கள், பயிற்சியின்போது அளவெடுத்த ஸ்லீவ் போட்டிருந்தார்கள். முஸ்தஃபாவிலிருந்து 10 கிலோ அரிசியை முதல் நாளே அந்தக் கையில் தூக்கிவரலாம் என்று இதற்குப் பொருள் இல்லை.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்ற கேள்வியும் வரும். சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பது நீண்ட நேர வேலை. ஒரேயடியாக "வேண்டாம்" என்று வீட்டில் தடுப்பதைவிட, சில மாதங்கள் முன்பே சிகிச்சையாளரிடம் சொல்லிப் பயிற்சியைத் திட்டமிடுவது நல்லது.

அந்தக் கையில் இரத்தம் எடுக்கலாமா, இரத்த அழுத்தம் பார்க்கலாமா? 2016இல் பாஸ்டனில் 632 பேரிடம் நடத்தி வெளியிடப்பட்ட ஆய்வு, இவற்றுக்கும் விமானப் பயணத்துக்கும் கை வீக்கத்துக்கும் தொடர்பு காணவில்லை. உடல் எடையும் கிருமித்தொற்றும்தான் தொடர்புடையவையாக இருந்தன. ஆனாலும் மற்றக் கை இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது இன்னமும் பரவலான வழக்கம். அவசரத்தில் தவறான கையில் ஊசி போட்டுவிட்டார்கள் என்று இரவெல்லாம் தூங்காமல் இருக்கத் தேவையில்லை.

எங்கே போவது?

சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலேயே தொடங்குங்கள். பாசிர் ரிஸ்வாசிகளுக்கு ரயிலில் இரண்டே நிலையம், சீமெயில் சாங்கி பொது மருத்துவமனை. கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் தெம்பனிஸில் டௌன்டவுன் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா நிலையம். அங்கிருந்து நடக்கும் தூரம்தான். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கமும் மறுவாழ்வுச் சேவைகள் வழங்குகிறது. ஸ்லீவும் பயிற்சியும் பலன் தராதவர்களுக்கு, நிணநீர்க் குழாயை நுண்ணிய இரத்தக் குழாயுடன் இணைக்கும் அறுவைச் சிகிச்சையும் இங்கே உண்டு. அது எல்லாருக்கும் பொருந்தாது. அதற்குப் பிறகும் சிலர் ஸ்லீவ் போட வேண்டியிருக்கும்.

கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மட்டும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காதீர்கள். அது கிருமித்தொற்றாக இருக்கலாம். ஸ்லீவைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அளவெடுக்கும் நாளில் அம்மாவோடு போகிறீர்களா? அவர் அடிக்கடி போடும் ரவிக்கை ஒன்றைக் கொண்டுபோங்கள். ஸ்லீவ் எங்கே முடியும், ரவிக்கையின் கை எங்கே தொடங்கும், இரண்டுக்கும் நடுவில் துணி சுருளுமா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். நிறப்பட்டியலையும் கேட்டு வாங்கி அவர் கையில் கொடுங்கள்.